வந்து பார்க்க ஓர் ஆள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டி உட்காருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கையில் இருக்கிற போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். அதன் வயிற்றுக்குள் இருக்கிற சங்கதியைச் செய்கிறவர்களின் கதைதான் இன்றைக்கு. ராஜாவும் பூதமும் இதில் வர மாட்டார்கள். ஒரு வீடு, ஒரு தொழிற்சாலை, ஒரு பகல் பொழுது. ஒருத்தி ‘வந்து பாருங்களேன்’ என்று கூப்பிட்டாள். யார் வந்தார்கள், வந்தவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அவளுக்குத் தொழிற்சாலையில் ‘ஹோல்டக்கா’ என்று பெயர். அது சிப் செய்கிற இடம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், முகம் பார்க்கிற கண்ணாடி போல மின்னுகிற வட்டத் தகடுகள் பெட்டி பெட்டியாக அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். கழுவுவார்கள், உலையில் வைப்பார்கள், ஒளி காட்டுவார்கள், அமிலத்தால் அரிப்பார்கள், மறுபடியும் கழுவுவார்கள். மாதக்கணக்கில் இதே சுற்றுதான். நடுவில் யாருக்காவது ஒரு தகட்டைப் பார்த்து மனம் உறுத்தினால், அவர் எந்த வேலையில் இருப்பவரானாலும், அந்தப் பெட்டிக்கு ‘ஹோல்டு’ போடலாம். போட்டால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ‘எனக்குத் தெரியவில்லை, யாராவது வந்து பாருங்கள்’ என்றுதான் அர்த்தம். இன்ஜினியர் ஒருவர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவார், பார்ப்பார், சரியா தப்பா என்று சொல்வார். அதன் பிறகு ஹோல்டைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. தொழிற்சாலை நன்றாக இருந்த காலத்தில் உண்டான பழக்கம் அது.

அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் புருஷனும் அங்கேயே மெஷின் ஃபிட்டராக இருந்தவர். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு முற்றுகிற நேரத்தில் ஒருவர் “ஹோல்டு” என்றால் மற்றவர் வாயை மூடிவிட வேண்டும். டீ குடித்த பிறகு, போட்டவர் எடுத்தால் சண்டை தொடரும். பாதி நேரம் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். “எங்க கணக்கு டீச்சருக்கு ஒரு ஹோல்டு போட்டுக் குடேம்மா” என்பாள்.

நான் சொல்கிற நாளன்று காலையில் அவர் அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ரிப்பேர் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து சமையல் அவருடையது. அக்கம்பக்கத்து வாஷிங் மெஷின்களையும் பிரித்து மாட்டிக்கொடுப்பார். ஒரு மெஷின் எப்போதும் கூடத்து நடுவில் வயிறு திறந்து கிடக்கும். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

“ஏம்மா, பால் கம்பெனிக்காரருக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்” என்றார்.

“தெரியும்.”

“தெரியும்னா?”

“தெரியும்னா தெரியும். அதான் ஹோல்டு போட்டிருக்கேனே.”

“நீ போட்டு மாசம் திரும்பப் போகுது. அவரும் எத்தனை தடவைதான் கேப்பாரு?”

வேறு ஊரில் ஒரு பால் கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. குழாய்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே பரிசோதனைக் கூடத்துக்கும் ஆள் வேண்டும், அவளும் வந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். அவள்தான் பிடிகொடுக்கவில்லை.

“இப்ப என்ன அவசரங்க? புதுசா வந்திருக்கறவரு இன்னைக்கு உள்ள வராராம். நேர்ல வந்து பாத்தாருன்னா அவருக்கே எல்லாம் தெரிஞ்சிடும்.”

“யாரு, மேடைக்காரரா?”

மகள் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்தத் தொழிற்சாலைக்குத் தலைமை மாறுவது சட்டை மாற்றுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. முதலில் இருந்தவர் அடுத்த தலைமுறை மெஷினை வாங்காமல் ‘பழசே போதும்’ என்று இழுத்தடித்தார். போட்டிக்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவருக்குத் தொழிலாளிகள் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது இருப்பவர் மேடைக்காரர். காதோரம் சின்ன மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் இங்கும் அங்கும் நடந்து, இன்னும் செய்யவே ஆரம்பிக்காத சிப்பைச் செய்து முடித்துவிட்டதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார். இங்கே உள்ளே இருப்பவர்கள் அதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

“கிண்டல் பண்ணாதீங்க” என்றாள் அவள். “மேல இருக்கறவங்களுக்குக் கீழ நடக்கறது தெரியலங்க, அவ்வளவுதான் விஷயம். நடுவுல இருக்கறவங்க நல்லதா நாலு வார்த்தை எழுதி அனுப்பிடறாங்க. தெரிஞ்சா எந்த மனுஷன் சும்மா இருப்பாரு?”

“அவங்களுக்கு எல்லாம் தெரியும்மா.”

“தெரிஞ்சிருந்தா உங்களை அனுப்பியிருப்பாங்களா?”

அவர் முட்டையைத் திருப்பிப் போட்டார். பிறகு தணிந்த குரலில், “உனக்கு மனசில்லன்னா இரு. நான் மட்டும் போறேன். லீவு நாள்ல வந்துட்டுப் போறேன்” என்றார்.

“அப்ப ரெண்டு வீடா?” என்றாள் மகள். “அப்பா இருக்கற வீட்டுக்குத்தான் நான் வருவேன். அங்கதான் சோறு நல்லாருக்கும்.”

“வாயி, வாயி” என்று அவள் மகளின் தலையில் தட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. ‘நான் மட்டும் போறேன்’ என்ற சொல் பஸ்ஸில் ஏறி அவளோடுதான் உட்கார்ந்து வந்தது.

தொழிற்சாலைக்குள் மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. அங்கே தூசிதான் எதிரி. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போகக் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. தலைக்கு வலை, அதன்மேல் முக்காடு, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, பூட்ஸ், இரட்டைக் கையுறை, வாய்க்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு மூடி. கடைசியில் ஒரு சின்ன அறைக்குள் நின்றால் நாலா பக்கமும் காற்று அடித்து இருக்கிற தூசியையும் தட்டிவிடும். உள்ளே போனதும் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். நடையை வைத்து, நிற்கிற தினுசை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அவளோடு வேலை பார்த்த ஒரு பையன்... பையன் என்ன, கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன்தான், ‘மூக்கு’ என்று பெயர். மூடி போட்ட நிமிஷத்திலிருந்து அவனுக்கு மூக்கு அரிக்கும். கையுறைக் கையால் சொறியக் கூடாது என்பதால் மூடிக்குள்ளேயே முயல் மாதிரி மூக்கை ஆட்டிக்கொண்டிருப்பான். எட்ட இருந்து பார்த்தாலே அவன்தான் என்று தெரிந்துவிடும்.

அன்று கழுவுகிற தொட்டியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விளிம்போரமாக ஒரு மங்கல். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டுப் போன மாதிரி. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஹோல்டு போட்டாள்.

கூடத்துப் பெரிய திரையில் அந்தப் பெட்டிக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பெல்லாம் விளக்கு எரிந்தால், அவள் கையைக் கீழே இறக்குவதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். அந்தப் பிரிவுக்கென்று இருந்த இன்ஜினியரைக் கத்தரிக்கோல் காலத்தில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒருவர் மூன்று பிரிவுகளுக்குச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று மேடைக்காரரின் வருகைக்குத் திரையில் காட்டும் படங்கள் தயாரிக்கிற கூட்டத்தில் இருந்தார்.

ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கழுவிய தகடு காத்திருக்காது. குறித்த நேரத்துக்குள் உலைக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்கிற காற்றே அதன்மேல் ஒரு தோலைக் கட்டிவிடும். அப்புறம் அது குப்பைதான். அதனால்தான் ஹோல்டு போட்டால் ஆள் ஓடி வர வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

ஓடி வந்தவர் சின்னசார். ஷிஃப்ட் மேற்பார்வை பார்க்கிறவர். ஒரு காலத்தில் அவள் புருஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்.

“ஹோல்டக்கா, அந்தச் சிவப்ப எடுத்துடுங்களேன்.”

“வந்து பாருங்க சார். சரின்னு யாராவது சொன்னா எடுத்துடறேன்.”

“நான் பாத்து எனக்கு என்ன தெரியும்? இன்ஜினியர் மேல மாட்டிக்கிட்டாரு. இப்ப பெரியவரு வர்ற நேரம். நுழைஞ்சதும் முதல்ல அந்தத் திரைதான் கண்ணுல படும்.”

“படட்டுமே. பாக்கத்தானே வராரு?”

சின்னசார் அவளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “என் வயித்துல அடிக்காதீங்கக்கா” என்றார். ஹோல்டு போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்ற பழக்கத்தை மீற அவருக்கும் மனமில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு ‘நல்வரவு’ என்று அச்சடித்த பெரிய தட்டியைத் தூக்கி வரச்சொல்லி, திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனார். சிவப்பு விளக்கு நல்வரவுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

அவள் பக்கத்து மேஜைக்கும் பெட்டிக்குமாக நடந்தாள். இன்ஜினியருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. பெட்டிக்கு மேலிருந்த சின்னத் திரையில் காத்திருப்பு நேரம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டது. காலையில் கேட்ட ‘நான் மட்டும் போறேன்’ திரும்பத் திரும்பக் காதுக்குள் வந்தது.

திரும்பிப் பார்த்தால் மூக்கு நிற்கிறான். வெறுங்கையோடு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, மூடிக்குள் மூக்கை ஆட்டிக்கொண்டு. அவளுக்கு வந்ததே கோபம்.

“டேய், எங்கடா போய்த் தொலைஞ்ச? இங்க வா. மூக்க அப்புறம் ஆட்டிக்கலாம், இதப் பாரு. விளிம்புல மங்கலா இருக்கா, இல்லையா? எனக்குத் தெரியலடா. தெரியலன்னுதான் ஹோல்டு போட்டேன். காலைலேருந்து வந்து பாக்க ஒரு நாதி இல்ல. தரைய ரெண்டு தடவை தொடைச்சாச்சு, தட்டி கட்டியாச்சு, படம் போட்டாச்சு. ஒரு தகட்டக் குனிஞ்சு பாக்க ஆள் இல்ல. தொட்டிக்கு ஃபில்டர் மாத்தி எவ்வளவு காலமாச்சு, சொல்லு? எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா இந்நேரம் தொட்டிய ரெண்டாப் பிரிச்சிருப்பாரு. அவரையே அனுப்பிட்டாங்க. அவரு இப்ப பக்கத்து வீட்டு அழுக்குத் துணி மெஷினப் பிரிச்சுக்கிட்டு இருக்காரு.”

அவன் குனிந்து தகட்டைப் பார்த்தான். “ம்” என்றான்.

“‘ம்’மாம், ‘ம்’. உன்னச் சொல்லி என்ன? அந்த மேடைக்காரரையும் நான் தப்பு சொல்ல மாட்டேன்டா. எல்லாரும் அவரத் திட்டறீங்க. எனக்கு அவரப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. அவருகிட்ட உண்மைய ஒருத்தரும் சொல்றதில்ல. யாராவது கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து ‘இதப் பாருங்க ஐயா’ன்னு காட்டினா, மனுஷன் பதறிப் போயிடமாட்டாரா? சொல்லு.”

“இது எவ்வளவு நேரம் தாங்கும்?” என்றான் அவன்.

குரல் வேறு. அவள் அப்போதுதான் கண்ணைப் பார்த்தாள். மூக்கின் கண் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும். இந்தக் கண் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். வெளியாட்கள் உள்ளே வந்தால் போட்டுக்கொள்ள முன்பு நீல உடுப்பு இருந்தது. சலவைச் செலவு என்று அதை நிறுத்தியிருந்தார்கள். மேடைக்காரர் கையெழுத்துப் போட்டுத்தான் நிறுத்தியது. காற்றடிக்கிற இரண்டு அறையில் ஒன்று ரிப்பேர். வெள்ளை உடுப்பிலேயே அவரை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, கூட வந்த கூட்டம் அந்தப் பக்கம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை உடுப்பு பழகாதவருக்கு முதலில் அரிப்பது மூக்குதான்.

கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்தது. போட்டோ எடுக்கிறவர், பின்னால் சின்னசார். நிஜ மூக்கு எல்லோருக்கும் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

“மன்னிச்சுக்குங்க ஐயா. நான் வேற ஆளுன்னு...”

“இல்லம்மா, பரவாயில்ல. நல்லாச் சொன்னீங்க” என்றார் அவர். அவள் பக்கத்தில் நின்றார். போட்டோ எடுத்தார்கள். சின்னசாரின் கண்ணைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

ஆனால் கண்ணுகளா, அந்தப் பயத்துக்கு அடியில் அவளுக்குச் சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. சொல்லியாகிவிட்டது. எழுதி அனுப்புகிற நடு ஆட்கள் யாரும் இல்லாமல், அவர் காதிலேயே போட்டாகிவிட்டது. தகட்டைக் குனிந்தும் பார்த்துவிட்டார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கூடக் கேட்டார். இனிமேல் ஆள் வரும்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து அவர் பேசினார். காதோரம் மைக். மேடை இல்லாததால் இரண்டு மேஜைக்கு நடுவில் நடந்தார்.

“இப்ப உள்ள ஒரு சகோதரியைப் பாத்தேன். நான் யாருன்னு தெரியாம மனசுல இருக்கறதக் கொட்டினாங்க. ஆள் இல்ல, ஃபில்டர் மாத்தலன்னு சொன்னாங்க. இந்த அக்கறைதான் நம்ம சொத்து. அவங்களுக்கு ஒரு கைதட்டல் குடுங்க.”

தட்டினார்கள். மூக்கு அவள் காதோரம், “ஹோல்டக்கா, கைதட்டல்ல எனக்கும் பாதி. என் மூக்காலதான வந்தது” என்றான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள்.

“ஒண்ணு சொல்றேன். இது எதுவும் எங்களுக்குத் தெரியாததில்ல. நான் வந்த நாள்லேருந்து தெரியும். எனக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியும். ஆனா இது பொறுமையா இருக்க வேண்டிய காலம். அடுத்த அறிவிப்பு முடியட்டும். இதையெல்லாம் பாக்க ஒரு குழு போடலாம்னு இருக்கோம்.”

மறுபடி கைதட்டல். அவள் கையும் பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு நின்றுவிட்டது.

தெரியும் என்றார். வந்த நாளிலிருந்து தெரியுமாம். இத்தனை காலமாக அவள் கட்டி வைத்திருந்த சுவரை அவர் கோபித்துத் தள்ளவில்லை, சும்மா கையை வைத்தார். அது விழுந்துவிட்டது. வேலையை விட்டு எடுத்திருந்தால் கூட அவளுக்கு இப்படி ஆகியிருக்காது. அவருக்குத் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதானே ஒரு மாசமாக வீட்டில் ஒரு மனுஷனைக் காக்க வைத்திருக்கிறாள்?

அவள் உள்ளே திரும்பி வந்தபோது பெட்டியின் நேரம் முடிந்திருந்தது. இன்ஜினியர் கூட்டம் முடிந்து, சாப்பிடாமலேயே ஓடி வந்தார். நேரத்தைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“மங்கல் இருந்துதா சார்?” என்று கேட்டாள்.

“இனி எப்படிச் சொல்றதும்மா? இப்ப எல்லாத்துலயும் தோல் கட்டிடுச்சு. முன்னால என்ன இருந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“நல்லதா இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

சின்னசார் மெதுவாகச் சொன்னார், “ஹோல்டு உங்க பேர்ல இருக்குக்கா. நீங்கதான் எடுத்துக் கழிவுல போடணும்.”

அவள் ஹோல்டை எடுத்தாள். ஒவ்வொரு தகடாக உருவிக் கழிவுப் பெட்டியில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் முக்காடு போட்ட ஒரு முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. மாதக்கணக்கில் எத்தனையோ கைகள் மாறி வந்த தகடுகள். நல்லதா கெட்டதா என்று தெரியாமலே போயின. சின்னசார் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். “அவரு எப்படி இருக்காரு?” என்று கேட்டார். “நல்லா சமைக்கறாரு” என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது தூறல் விட்டிருந்தது. தொழிற்சாலைக்குள் எப்போதும் இரைந்துகொண்டிருக்கிற காற்றின் சத்தம் நின்று காது ‘ஙொய்’ என்றது. தினமும் அப்படித்தான். புருஷன் கூடத்தில் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மகள் மெஷின் மூடியின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். போன் தரையில், ஸ்பேனருக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“பால் கம்பெனிக்காரரு கூப்பிட்டாரா?”

“ரெண்டு தடவை.”

“என்ன சொன்னீங்க?”

“எடுக்கல.”

“ஏன்?”

அவர் தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் மசி. “என்னம்மா கேள்வி இது? நீ ஹோல்டு போட்டிருக்க. போட்டவங்கதான எடுக்கணும்? எடுத்துப் பேசினா நான் ஏதாவது சொல்லித் தொலைக்கணும். அதான்.”

“அவரு வேற ஆளப் பாத்துட்டா?”

“பாத்துட்டா பாத்துட்டாரு.”

 அங்கே பட்டுப்போன பழக்கத்தை இந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பெட்டியைப் பற்றியும் மேடைக்காரரைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தாள். அதெல்லாம் அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது.

“நீங்க சொன்னது சரிதாங்க” என்றாள். “அவங்களுக்குத் தெரியுமாம்.”

அவர் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“ஹோல்ட எடுத்துட்டேன். போன் பண்ணுங்க.”

மகள் புத்தகத்தை மூடினாள். அவர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் இதே மணிதான். யாரும் எடுக்கவில்லையோ என்று நினைக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் குரல் வந்தது.

“ஆமாங்க, நான்தாங்க... மன்னிக்கணும், கையில வேலையா இருந்தேன்... இன்னும் யாரையும் எடுக்கலயா? ரொம்ப நன்றிங்க... சரிங்க. வர்றே...” என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

“வர்றோம்னு சொல்லுங்க” என்றாள் அவள்.

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, “நிஜமாவா?” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

“வர்றோம்னு சொல்லுங்கப்பா, அந்தாள் வச்சிடப் போறாரு!” என்று கத்தினாள் மகள்.

“வர்றோங்க” என்றார் அவர். “மூணு பேரும் வர்றோம்.”

அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். குழாயடியில் நின்று, இத்தனை வருஷமும் உள்ளே செய்ய முடியாததை நிதானமாகச் செய்தாள். இரண்டு கையாலும் மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டாள். அதற்குள் கண்ணும் கலங்கிவிட்டது. கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது: “இந்தாம்மா, இந்த பெல்ட்டு பிஞ்சிருக்கா இல்லையான்னு தெரியல, கொஞ்சம் வந்து பாரேன்.”

“வந்துட்டேன்” என்று ஈர முகத்தோடேயே போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீடும் வாசலும் நன்றாக இருக்கட்டும். அடுப்பு அணையாதிருக்கட்டும், வேலைக்குப் போனவர்கள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பட்டும். ‘எனக்குத் தெரியல, கொஞ்சம் வந்து பாரேன்’ என்று உங்களில் ஒருவர் கூப்பிடுகிறபோது, கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர அந்த வீட்டில் என்றைக்கும் ஓர் ஆள் இருக்கட்டும்.